குளத்தின் அடியில் ஒரு மூடி

7

மூன்றாவது அலுவலகத்தின் படிகளில் இறங்கும்போது செல்லத்தாய்க்கு யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் பீமாராவ் ஒருவன்தான் நின்றான். அவனும் தல்லாகுளத்து வெயிலுக்கு ஒரு கையில் நன்னாரி சர்பத்தைக் குடித்துக்கொண்டு, மறு கையில் அவளுக்கொன்றை நீட்டியதால் தப்பினான்.

"என்னக்கா, இவங்களும் கையை விரிச்சுட்டாங்களா?"

"மொத ஆபீஸ்காரன், கட்டடம் மட்டும்தான் எங்க பொறுப்பு, தண்ணி எங்க பொறுப்பு இல்லைங்கிறான். ரெண்டாவது ஆளு, தண்ணி எங்க பொறுப்புதான், ஆனா குடிக்கிற தண்ணி மட்டுங்கிறான். இங்க, பாதுகாப்பு ஆய்வாளர் லீவாம். எப்ப வருவாருன்னு கேட்டா, அவரு வந்தாத்தான் தெரியுமாம்."

"அப்ப அந்தப் புள்ள முங்குனது யாரோட தண்ணியிலக்கா?"

அதைத்தான் மூன்று அலுவலகமும் சொல்லவில்லை.

செல்லத்தாய் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் விபத்துகளை விசாரிக்கும் வேலையில் இருந்தவள். அங்கே மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிறுவனம் நடத்திவந்தாள். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரித்துச் சொல்வதிலேயே பிழைப்பு ஓடியது. பீமாராவ் அவளுடைய ஒரே உதவியாளன். மாமாவின் ஜவுளிக் கடையில் சேலை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தவன், வாடிக்கையாளரைவிட அதிகம் பேசியதால் அங்கிருந்து அனுப்பப்பட்டவன்.

முந்தின நாள் சுஷ்மா என்ற பள்ளி ஆசிரியை அந்த மாடிப்படி ஏறி வந்திருந்தாள். அவளுடைய பன்னிரண்டு வயது மகள் மாதங்கி, கீழக்குயில்குடிப் பக்கம் 'அலைகள்' என்ற கிளப்பில் கோடைகால நீச்சல் வகுப்புக்குப் போனவள், மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடந்தாள். குளத்தின் ஆழமான பக்கம் தரையில் ஒரு துளை உண்டு. அதன் வழியாகத்தான் மோட்டார் தண்ணீரை உறிஞ்சிச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். மாதங்கியின் பின்னல் அந்தத் துளையில் சிக்கிக்கொண்டது. யாரோ ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது. நெஞ்சை அழுத்தித்தான் உயிரைத் திரும்ப வரவழைத்தார்கள்.

கிளப்காரர்கள் சொன்னது ஒன்றே ஒன்று. பெண் தொப்பி போடவில்லை, முடி நீளம். போலீசும் அதையே விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. குளம் சில நாள் பூட்டிக் கிடந்து மறுபடி திறந்தும் விட்டது.

"என் பொண்ணோட முடியைக் குத்தவாளி ஆக்கிட்டாங்க மேடம்" என்றாள் சுஷ்மா. அழவில்லை. அழுது முடித்த முகம் அது. "அன்னிக்குக் காலையில நான்தான் பின்னி, நுனியில பட்டாம்பூச்சி கிளிப் போட்டு அனுப்பினேன். அந்தக் கிளிப்பைக்கூடக் காணோம்."

செல்லத்தாய் சர்பத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கடையில் வைத்தாள்.

"வண்டியை எடுறா. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சது போதும். குளத்தையே கேப்போம்."

*

சமணர் மலை பின்னால் நிற்க, முன்னால் நீலத் தண்ணீர் பளபளத்தது. நண்பகலில் குளத்தில் ஆளில்லை. சுவரில் பெரிய பலகை: 'நீளமான முடி உள்ளவர்கள் தொப்பி அணிய வேண்டும். எந்த அசம்பாவிதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.'

"நல்ல பலகை" என்றான் பீமாராவ். "நம்ம ஆபீஸ் வாசல்லயும் ஒண்ணு மாட்டணும்க்கா. எதுக்கும் பொறுப்பில்லைன்னு."

மேலாளர் அஸ்வத் சிரித்துக்கொண்டே வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். கிளப் பெயர் போட்ட பனியன், கையில் இரண்டு போன்.

"மேடம், அந்தப் பொண்ணுக்கு நடந்ததுல எங்களுக்கும் ரொம்ப வருத்தம். ஆனா ரூல்ஸ் போர்டுல இருக்கு."

"பலகையில எழுதிட்டா பொறுப்பு போயிருமா தம்பி? அப்ப பஸ்ஸுல கூட எழுதிட்டு பிரேக்கைக் கழட்டிறலாமே. துளைமேல மூடி இருந்துச்சா இல்லையா?"

"எங்களுக்குத் தெரிஞ்சு இருந்துச்சு மேடம். தண்ணிக்கு அடியில போய் தினமும் யாரு பாக்குறா? வேணும்னா நீங்களே இறங்கிப் பாருங்க. மோட்டாரை நிறுத்தச் சொல்றேன். மோட்டார் ரூமும் திறந்துதான் இருக்கு. தாராளமாப் பாருங்க."

போன் ஒன்று ஒலிக்க, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

மோட்டார் அறையில் இரண்டு குழாய்கள் வந்து சேர்ந்தன. ஒன்றின்மேல் 'மேல்' என்றும் மற்றதன்மேல் 'அடி' என்றும் பெயிண்டில் எழுதியிருந்தது. ஒவ்வொன்றுக்கும், தண்ணீரோடு வரும் குப்பையைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கூடை. பீமாராவ் 'அடி'க் கூடையைத் தூக்கினான். இலை, பிளாஸ்திரி, கறுப்பு ரப்பர் பேண்ட், அதற்கடியில் கொத்தாக முடி. முடிக்குள் இளஞ்சிவப்பில் ஏதோ தெரிந்தது.

செல்லத்தாய் அதை மெதுவாகப் பிரித்தெடுத்தாள். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டாம்பூச்சி. இறக்கைகூட உடையவில்லை.

"டேய், சட்டையைக் கழட்டு."

"எதுக்குக்கா?"

"இறங்கு. அந்த மூடியில இருக்கிற சந்து வழியா இந்தக் கிளிப் போகுதான்னு பாத்துட்டு வா."

"அக்கா, எனக்கு நீச்சல் தெரியும்னு நான் சொன்னதே இல்லையே."

"வைகையில தண்ணி வந்தப்ப குதிச்சேன்னு வாராவாரம் சொல்லுவியே."

"குதிச்சேன்னுதான் சொன்னேன். நீந்துனேன்னு சொல்லல" என்று முனகியபடி அவன் இறங்கினான். மோட்டார் நின்றதை அவளே இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். ஒரு முங்கு, இரண்டு முங்கு. மூன்றாவது முறை மேலே வந்தபோது, கையில் கிளிப்போடு மூடியும் வந்தது.

"சந்துல விரலே நுழையலக்கா, பட்டாம்பூச்சி எங்கிட்டுப் போகும்? ஸ்க்ரூ கையாலயே வந்துருச்சு. அதான் ஆளையே தூக்கிட்டு வந்துட்டேன்."

விரல் நுழையாத சந்தில் கிளிப் நுழைந்திருக்க முடியாது. கிளிப் கூடைக்கு வந்திருக்கிறது. ஆக, மாதங்கி நீந்திய அன்று துளைமேல் மூடி இல்லை. காலையிலிருந்து முதல் முறையாக செல்லத்தாய்க்கு நெஞ்சு இலேசானது. தட்டையான அந்த மூடியைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம், ஓரத்தில், சிவப்பாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. அதில் சணல் கயிற்றின் துண்டு ஒன்று புதைந்து கிடந்தது.

"அரக்கு" என்றாள்.

"நீச்சல் குளத்துல அரக்கா?"

"சாட்சிப் பொருளைக் கட்டி அரக்கு வைக்கிறது கவர்மெண்டுதான்டா. யாரோ ஒரு அதிகாரி இந்த மூடியைக் கழட்டிட்டுப் போய், சீல் வச்சு, சம்பவத்துக்கு அப்புறம் சத்தமில்லாமத் திருப்பி மாட்டிருக்கான். லீவு போட்டிருக்கிற ஆய்வாளர் வீடு எங்கன்னு விசாரி."

பீமாராவ் தலையைத் துவட்டிக்கொண்டே அவளைப் பார்த்தான். "பாதுகாப்பு ஆபீஸரே மூடியைக் கழட்டுனாரா? அப்ப திருடன் வந்தா யாரைக் கூப்புடுறது?"

*

ஆய்வாளர் கல்யாணராமனின் வீடு, அவர் அலுவலகத்துக்கு மூன்று தெரு தள்ளித்தான் இருந்தது. கதவைத் திறந்த அவர் மனைவி ஸ்யாமளா, செல்லத்தாய் தன் பெயரைச் சொன்னதும் ஒன்றும் கேட்காமல் வழிவிட்டாள். இப்படி யாராவது வருவார்கள் என்று காத்திருந்தவள் போலிருந்தது.

கல்யாணராமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பல நாள் சவரம் செய்யாத தாடி. எதிரே வைத்திருந்த காபி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

"மூடியை எடுத்தது நீங்கதானே?" என்றாள் செல்லத்தாய். சுற்றி வளைக்க அவளுக்குப் பொறுமையில்லை.

அவர் மறுக்கவில்லை. தலை மட்டும் கீழே போனது.

"அதுல விரிசல் மேடம். நோட்டீஸ் குடுத்தேன். பதில் இல்லை. மறுபடி குடுத்தேன். மூடச் சொல்ற அதிகாரம் எனக்குக் கிடையாது, மேலே எழுதணும். எழுதினேன். இன்னொரு நோட்டீஸ் குடுன்னு மேலேருந்து பதில் வந்தது."

"அப்புறம்?"

"சோதனைக்குன்னு ஒரு பொருளை எடுத்துண்டு வர அதிகாரம் மட்டும்தான் எனக்கு உண்டு. அதனால மூடியை எடுத்தேன். மூடி இல்லேன்னா மோட்டாரைப் போட மாட்டா, மோட்டார் இல்லேன்னா குளத்தைத் திறக்க முடியாதுன்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க!" செல்லத்தாயின் குரல் கூடத்தையே நிறைத்தது. "ஓட்டையை ஓட்டையாவே விட்டுட்டு வந்துட்டு, அவங்க நல்லவங்களா இருப்பாங்கன்னு நினைச்சீங்க. பன்னெண்டு வயசுப் புள்ள சார்!"

"தெரியும். பேப்பர்ல படிச்ச அன்னிலேருந்து தூக்கமில்லை."

"தூக்கம் வரலைன்னா போலீசுக்குப் போயிருக்கணும். அதை விட்டுட்டு அந்த மூடியைத் திருப்பிக் கொண்டுபோய் மாட்டிருக்கீங்க. அரக்கைக்கூட ஒழுங்காச் சுரண்டல."

கல்யாணராமன் நிமிர்ந்தார்.

"அரக்கா? எங்க ஆபீஸ்ல அரக்கை நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சே. இப்போ நம்பர் போட்ட பிளாஸ்டிக் பட்டைதான். அதோட, நான் எதையும் திருப்பித் தரலையே."

எழுந்து உள்ளே போனார். பீரோவுக்கு மேலிருந்து பழைய வேட்டி சுற்றிய மூட்டை ஒன்றை இறக்கிக் கொண்டுவந்து பிரித்தார். உள்ளே ஒரு வெள்ளை மூடி. கவிழ்த்த கிண்ணம் போல நடுவில் மேடாக இருந்தது. குறுக்கே ஒரு விரிசல். ஓரத்துத் துளை வழியாக ஒரு மஞ்சள் பட்டை, அதில் ஓர் எண்.

"ஆபீஸ்ல வச்சா யாராவது திருப்பிக் குடுத்துடுவாளோன்னு பயம். அதனாலதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்."

பீமாராவ் மூடியைத் தொட்டுப் பார்த்தான். "அக்கா, இது உருண்டை. நான் தூக்குனது தோசைக்கல்லு மாதிரித் தட்டை."

செல்லத்தாய் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். காதெல்லாம் சூடேறியது. மேலாளர் தாராளமாகப் பாருங்கள் என்றது, இத்தனை நாள் அலசப்படாத கூடை, கையால் கழன்ற ஸ்க்ரூ, சரியான நேரத்தில் வந்த போன். கடை விரித்துப் போட்டிருக்கிறான். இவள் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"மூக்கணாங்கயிறு போட்டு இழுத்துட்டு வந்திருக்கான்டா என்னைய" என்றாள் பல்லைக் கடித்தபடி. "அவனா வாயைத் திறந்து அதிகாரிதான் எடுத்தாருன்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. நான் கண்டுபிடிச்சா? அய்யய்யோ, எங்களுக்குத் தெரியாம எடுத்துட்டாரேன்னு அழுதுட்டுப் போயிருவான்."

"கெட்டிக்காரன்தான்" என்றான் பீமாராவ். "நம்மளை விட."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஆனால் தைத்த இடத்தில்தான் வேறொன்று முளைத்தது. அவள் மெல்லக் கல்யாணராமன் பக்கம் திரும்பினாள்.

"சார், மூடியை எடுத்தது நீங்கன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"யார்கிட்டேயும் சொல்லலை. ஆபீஸ்ல கூடத் தெரியாது. இவளுக்கே நேத்துதான் சொன்னேன்."

"எடுத்த அன்னிக்குப் பக்கத்துல யாரு இருந்தா?"

"குளத்துல தண்ணி மாத்திண்டிருந்த நாள். அந்த மேலாளர் பையன் ஒருத்தன்தான். அவன்தானே ஸ்க்ரூவைக் கழட்டிக் குடுத்தான். மூடி இல்லாம மோட்டாரைப் போடக்கூடாதுன்னு சொன்னேன். சரி சார்னு சொன்னான்."

செல்லத்தாய் எழுந்து நின்றாள்.

"பீமா, அரக்கு வச்சவனுக்கு மூடியை ஒரு கவர்மெண்டு ஆபீஸர் எடுத்தாருன்னு தெரிஞ்சிருக்கு. இவரு அதை ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அப்ப எப்படித் தெரிஞ்சிருக்கும்? எடுக்கும்போது கூட நின்னாத்தான் தெரியும். நின்னவனுக்கு, துளை திறந்து கிடக்குதுன்னும் தெரியும். தெரிஞ்சேதான் மோட்டாரைப் போட்டு, புள்ளைகளை உள்ள விட்டிருக்கான். நம்மளைக் கூட்டிட்டு வர வச்ச அரக்கே அவனைக் காட்டிக் கொடுக்குதுடா."

 

"நீங்க வந்து சொல்லணும் சார்" என்றாள் செல்லத்தாய். "இந்த மூடியோட."

கல்யாணராமன் மூடியை மறுபடி வேட்டிக்குள் வைத்தார். "வேலை போயிடும். கேஸே என் மேலதான் வரும். ரிடையர்மெண்டுக்கு இன்னும்…"

"அந்தக் குழந்தை நம்மாத்துக் குழந்தையா இருந்தா லீவு போட்டுண்டு உட்கார்ந்திருப்பேளா?" என்றாள் ஸ்யாமளா. இதுவரை கதவோரம் நின்றவள் அவள். குரலை உயர்த்தவில்லை. ஆறிய காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணராமன் பீமாராவைக் காட்டினார். "இப்போ குளத்துல தட்டையா ஒண்ணு இருக்குன்னாரே, இவர் கையாலேயே கழட்டினாரா?" என்று கேட்டார்.

"ஆமா சார். திருப்பி மாட்டிட்டுத்தான் வந்தேன். ஆனா அது சும்மா ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

"அது பாத்ரூம் தரையில போடற சல்லடைய்யா. மோட்டார் இழுக்கற வேகத்துக்கு நிக்காது. சாயங்கால வகுப்பு இருக்குமே!"

சொல்லிக்கொண்டே ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார்.

*

அவர்கள் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது சாயங்கால வகுப்பு தொடங்கியிருந்தது. மோட்டாரின் உறுமல் வாசல்வரை கேட்டது. குழந்தைகள் கலர் கலர்த் தொப்பிகளோடு ஆழம் குறைந்த பக்கம் கால் உதைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பிள்ளைகள் நாலைந்து பேர் ஆழமான பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். கரையில் தாய்மார்கள் துண்டும் தண்ணீர்ப் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பீமாராவ் யாரையும் கேட்கவில்லை. நேரே மோட்டார் அறைக்குள் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான்.

"ஹலோ, யாரு உள்ள போனது?" என்று கத்திக்கொண்டு வந்த அஸ்வத், செல்லத்தாயைப் பார்த்ததும் சிரிப்பை வரவழைத்தான். "மேடம், மறுபடியுமா? ஏதாவது கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சேன் தம்பி. அரக்கு எந்தக் கடையில வாங்குன? கவர்மெண்டு ஆபீஸுலயே அரக்கை விட்டு பல வருஷம் ஆச்சாமே."

சிரிப்பு அப்படியே நின்றது. அவன் கண், செல்லத்தாய்க்குப் பின்னால் நின்ற கல்யாணராமனைக் கண்டது. அவர் கையிலிருந்த வெள்ளை மூடியைக் கண்டது. அதற்குப் பிறகு அந்த முகத்தில் தேட ஒன்றுமிருக்கவில்லை.

"இவரு எடுத்துட்டுப் போனது எனக்குத் தெரியாது" என்றான்.

"இவரு எடுத்துட்டுப் போனாருன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே."

கல்யாணராமன் அவனைத் தாண்டித் தாய்மார்கள் பக்கம் நடந்தார்.  மூடியை இரண்டு கையாலும் பிடித்து உயர்த்தினார்.

"நான் பாதுகாப்பு ஆய்வாளர். இது இந்தக் குளத்தோட மூடி. நான்தான் எடுத்துண்டு போனேன். மூடி இல்லாமலேதான் இவா குளத்தை ஓட்டினா. அதுலதான் அந்தப் பொண்ணு மாட்டிண்டா. முடி மேல தப்பே இல்லை." அஸ்வத்தைத் திரும்பிப் பார்த்தார். "தப்பு இவா மேல. என் மேலயும்."

ஒருத்தி எழுந்தாள். "அப்ப இப்ப உள்ள இருக்கிறது என்ன சார்?"

"பாத்ரூம் சல்லடைம்மா. எந்த நேரமும் வந்துடும்."

"மத்தியானம் நானே கையால எடுத்தேன்க்கா" என்றான் மோட்டார் அறை வாசலில் நின்ற பீமாராவ். முதல் முறையாக அவன் குரலில் கேலி இல்லை.

"ஏலே கார்த்தி, மேல வா!" என்று அவள் கத்தினாள். பக்கத்திலிருந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் இறங்கித் தன் பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்தாள். பெயர் பெயராகக் குரல்கள் எழுந்தன. அஸ்வத் ஒவ்வொருவரிடமும் போய், "மேடம், ஒரு நிமிஷம், பீஸ் திருப்பித் தரமாட்டோம்" என்று சொல்லிப் பார்த்தான். ஒருத்தி ஈரத் துண்டாலேயே அவன் மார்பில் தள்ளிவிட்டுப் போனாள். கடைசியில் அவன் கல்யாணராமன் முன்னால் வந்து நின்று கத்தினான்.

"சார், குளத்தை மூட உங்களுக்கு அதிகாரம் இல்ல!"

"இல்லைதான்" என்றார் அவர். "நான் மூடலையே."

செல்லத்தாயின் போன் அடித்தது. சுஷ்மா. பின்னணியில் மருத்துவமனைக் கருவிகள் ஒரே தாளத்தில் ஒலித்துக்கொண்டிருந்தன.

"இன்னும் கண்ணைத் திறக்கலை மேடம். கூப்பிட்டா விரலை மட்டும் அசைக்கிறா." சற்று நிறுத்தி, "அங்கே என்ன ஆச்சு? குளத்தை மூடிட்டாங்களா?" என்றாள்.

செல்லத்தாய் காலையிலிருந்து ஏறி இறங்கிய படிகளை நினைத்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லம்மா. யாரும் மூடல. ஆனா இப்ப உள்ள ஒரு புள்ளகூட இல்ல."



"நாளைக்கு?" என்றாள் சுஷ்மா.

"காலையில ஆபீஸர் மூடியோட போலீஸ் ஸ்டேஷன் வாராரு. சாயங்காலம் நான் இந்த வாசல்ல வந்து நிப்பேன்" என்றாள் செல்லத்தாய்.